அம்மாவின் தொண்டைக் கட்டி: கழுத்தாலா, வாயாலா, தாடையைப் பிளந்தா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 56 வயது, முன்பள்ளி ஆசிரியை. பல்லுக் கழற்றப் போன இடத்தில் பல் வைத்தியர்தான் முதலில் கண்டிருக்கிறார்: வலப்பக்கத்து ரொன்சில் நடுவுக்குத் தள்ளி நிற்கிறது, உண்ணாக்கு இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. நோவில்லை, காய்ச்சலில்லை. கேட்டுப் பார்த்தால் கொஞ்சக் காலமாக வலக்காது அடைப்பு, இரவில் குறட்டை. எம்.ஆர்.ஐ.யில் 4 சென்ரிமீற்றர் கட்டி. ஒரு நிபுணர் கழுத்தால் எடுக்கலாம் என்கிறார். இன்னொருவர் தாடையெலும்பைப் பிளக்கவும் நேரலாம் என்று சொல்லி வீட்டாரைக் கலங்கடித்திருக்கிறார். சென்னையிலிருக்கும் மாமா, "வெட்டுக் காயமே இல்லாம ரொபோவால வாய்க்குள்ளாலயே எடுக்கிறாங்க, இங்க கூட்டிக்கொண்டு வாங்க" என்று நிற்கிறார். எது நல்லது என்பது கேள்வி.

மகள், நீங்கள் தட்டச்சு செய்து அனுப்பிய ஸ்கான் அறிக்கை சரியாக இருந்தால் என் விடை கழுத்துவழிதான். அம்மாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, படங்களைக் கையில் வைத்திருக்கிற நிபுணரின் முடிவுதான் கடைசி முடிவு. ஆனால் அவர் ஏன் அப்படி முடிவெடுக்கிறார் என்று உங்களுக்கு விளங்க வேண்டும். மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வது போலத் தெரிந்தாலும், முதலிரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். மாமா மட்டும் வேறொரு நோயின் கதையைச் சொல்கிறார்.

அந்தக் குழப்பத்தை முதலில் தீர்ப்போம். "தொண்டைக்குள் கட்டி" என்று நம் ஊரில் சொல்லும்போது இரண்டு வேறு சாமான்களை ஒன்றாகப் போட்டுவிடுகிறோம். ஒன்று, தொண்டையின் உட்தோலில் புண்ணாகத் தொடங்குகிற புற்றுநோய்: ரொன்சிலில், நாக்கின் அடியில், குரல்வளைக்குப் பக்கத்துக் குழியில் வருவது. மற்றது, தொண்டைச் சுவருக்கு வெளியே, சுவருக்கும் தாடைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் வளர்ந்து, சுவரையே உள்ளே தள்ளிக்கொண்டு வருவது. அம்மாவுக்கு இருப்பது இரண்டாவது. ரொன்சிலின் மேல்தோல் வழவழவென்று, புண்ணில்லாமல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் அடையாளம். இந்த இடத்துக் கட்டிகள் அபூர்வம்; தலை, கழுத்துக் கட்டிகள் எல்லாவற்றிலும் ஏறத்தாழ 0.5 சதவீதம்தான். அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு புற்றுநோயல்ல. மாமாவிடம் இதை முதலில் சொல்லுங்கள், அவருக்கும் நெஞ்சு ஆறும்.

இனி அந்த இடைவெளி. மண்டையோட்டின் அடித்தளத்தில் அகலமாகத் தொடங்கி, கழுத்தில் நாக்கெலும்பு வரைக்கும் ஒடுங்கி இறங்குகிற ஒரு கூம்பு. உட்பக்கம் தொண்டைச் சுவர். வெளிப்பக்கம் தாடையெலும்பும், கூகைக்கட்டு வந்தால் வீங்குமே, அந்தக் கன்னச் சுரப்பியும். காதுக்குக் கீழே ஒரு மெல்லிய கூர் எலும்பு இறங்குகிறது, ஸ்டைலொயிட் என்பார்கள். அதிலிருந்து விரிகிற சவ்வு இந்தக் கூம்பை முன் அறை, பின் அறை என்று பிரிக்கிறது. முன் அறையில் பெரும்பாலும் கொழுப்பும், கன்னச் சுரப்பியின் ஆழப் பகுதியும். பின் அறையில்தான் மூளைக்குப் போகிற கரோட்டிட் நாடி, மூளையிலிருந்து திரும்புகிற பெரிய நாளம், குரலுக்கும் விழுங்கலுக்கும் நாக்குக்கும் தோளுக்கும் போகிற நரம்புகள் எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கின்றன.

எந்த அறையில் இருக்கிறது என்பதை வைத்தே கட்டி எதுவாக இருக்கும் என்று பாதிக்கு மேல் ஊகித்துவிடலாம். முன் அறையில் என்றால் பெரும்பாலும் உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி, அதிலும் பிளியோமோர்பிக் அடினோமா என்ற சாதாரண வகை. பின் அறையில் என்றால் நரம்பின் உறையிலிருந்து வருகிற ஸ்வானோமா, அல்லது இரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கிற பராகாங்லியோமா. முன் அறைக் கட்டி கரோட்டிட்டைப் பின்னுக்குத் தள்ளும், பின் அறைக் கட்டி அதை முன்னுக்குத் தள்ளும். உங்கள் அறிக்கையில் "பிரீஸ்டைலொயிட்" என்றும், கரோட்டிட் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது என்றும், கட்டிக்கும் கன்னச் சுரப்பிக்கும் இடையில் கொழுப்புக் கோடு தெரிகிறது என்றும் இருக்கிறது. மூன்றுமே நல்ல செய்தி. முன் அறை, நாடி கட்டிக்குப் பின்னால், கட்டி கன்னச் சுரப்பியோடு ஒட்டவில்லை. அந்தக் கொழுப்புக் கோடு அழிந்திருந்தால் கட்டி கன்னச் சுரப்பியின் ஆழப் பகுதியிலிருந்தே கிளம்பியது என்று எடுப்போம். அப்போது முக நரம்பைத் தேடிப் பிடித்து ஒதுக்கிவிட்டுத்தான் கட்டிக்குள் போகலாம். வெட்டு காதுக்கு முன்னாலிருந்து கழுத்துக்கு இறங்கும்.

கழுத்துவழி என்றால் என்ன செய்வார்கள்? தாடைக்கு இரண்டு விரற்கடை கீழே, கழுத்தின் இயற்கையான மடிப்பில், தாலிக்கொடி கிடக்கிற இடத்துக்கு நன்றாக மேலே ஒரு வெட்டு. இரண்டு விரற்கடை என்பது கணக்கில்லாமல் சொன்னதல்ல. கீழுதட்டை இழுக்கிற நரம்புக் கிளை தாடை ஓரத்தை ஒட்டிப் போகிறது. அதைத் தொட்டால் சிரிக்கும்போது வாய் கோணும். பிறகு தாடைக்கடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியை ஒதுக்குவார்கள், சில வேளை எடுத்தே விடுவார்கள். கட்டியைத் தொடுவதற்கு முன்பே கரோட்டிட்டையும் பெரிய நாளத்தையும் கண்டு, தேவைப்பட்டால் இறுக்க ஆயத்தமாக நாடாவைச் சுற்றி வைத்துக்கொள்வார்கள். அதன் பிறகு ஸ்டைலொயிட் எலும்பிலிருந்து தாடைக்குப் போகிற ஒரு தசைநாரை வெட்டுவார்கள். சின்ன வேலைதான், ஆனால் அதை வெட்டியதும் தாடை முன்னுக்கு நகர்ந்து கொடுக்கும், உள்ளே இடம் நன்றாக விரியும். பார்க்கிறவருக்கு ஒரு கதவு திறந்த மாதிரி இருக்காது. சத்திரசிகிச்சை செய்கிறவரின் விரலுக்குத்தான் அது தெரியும்.

அதற்குப் பிறகு கத்திக்கு அதிகம் வேலையில்லை. சுட்டுவிரல் கட்டியின் உறையைச் சுற்றி மெதுவாகப் போகும். சிலர் மற்றக் கையின் விரலை வாய்க்குள்ளால் விட்டு, ரொன்சில் பக்கமிருந்து கட்டியைக் கழுத்துப் பக்கம் தள்ளிக் கொடுப்பார்கள். உறை கிழியாத சாம்பல் வெள்ளைக் கட்டி முழுசாக வெளியே வரும். 4 சென்ரிமீற்றர் கட்டி, அதைவிட ஒடுங்கிய வழியால் எப்படி வந்தது என்று பக்கத்தில் நிற்கிற மாணவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

உறை கிழியக்கூடாது என்பதில்தான் இந்த ஒப்பீடு முழுவதும் தங்கியிருக்கிறது. பிளியோமோர்பிக் அடினோமாவின் உறை எல்லா இடத்திலும் ஒரே தடிப்பல்ல. சில இடங்களில் மிக மெல்லிசு, சில இடங்களில் கட்டியின் சிறு முளைகள் உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கிழிந்து உள்ளேயிருப்பது சிந்தினால், நம் வாவியில் ஆற்றுவாழையைப் பிடுங்கும்போது ஒடிந்து விழுகிற துண்டெல்லாம் தனித்தனியாகத் தளைக்கிற மாதிரி, பல முடிச்சுகளாகத் திரும்ப வரும். அதுவும் உடனே வராது. பத்து, இருபது வருடம் கழித்தும் வரும். அந்த நேரம் அதை எடுப்பது முதல் தடவையைவிடப் பலமடங்கு கரைச்சல்.

இதே காரணத்தால் வாய்க்குள்ளால் ஊசி போட்டோ சதை வெட்டியோ பரிசோதனைக்கு எடுக்க விடாதீர்கள். ரொன்சில் தள்ளி நிற்பதைக் கண்டு, சீழ்க்கட்டி என்று நினைத்து வாய்க்குள்ளால் கீறிப் பார்த்த ஒரு சம்பவம் எனக்கு நேரே தெரியும்; இடத்தின் பெயர் வேண்டாம். சீழ் வரவில்லை. இரத்தம் வந்தது, பிறகு கட்டி தொண்டைத் தோலோடு ஒட்டிப்போனது, ஒரு நேர்த்தியான ஒப்பரேசன் சிக்கலாகிவிட்டது. நோவும் காய்ச்சலும் வாய் திறக்க முடியாமையும் இல்லாமல் ரொன்சில் தள்ளி நின்றால் முதலில் ஸ்கான், பிறகுதான் மற்றதெல்லாம். ஊசியால் உயிரணு எடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்கான் பார்த்த பிறகு, அதன் வழிகாட்டலோடு, வெளியாலே எடுக்கலாம்.

இனி மாமாவின் ரொபோ. அதை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைன்ஸ்டீன், ஓமலி என்ற இரண்டு நிபுணர்கள்தான் வாய்வழி ரொபோச் சத்திரசிகிச்சையை வளர்த்தெடுத்தவர்கள். 2009 டிசம்பரில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் டாவின்சி என்ற ரொபோ இயந்திரத்தை இந்த வேலைக்கு அனுமதித்தது. நாக்கின் அடியிலோ ரொன்சிலிலோ சிறிய புற்றுநோய் இருக்கிறவருக்கு அது பெரிய வரம். முன்பு தாடையைப் பிளந்து போன இடத்துக்கு இப்போது வாயாலேயே போய், முப்பரிமாணப் படத்தில் பார்த்து வெட்டியெடுக்க முடிகிறது. மாமா கேள்விப்பட்ட வெற்றிக் கதைகளில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

சுவருக்கு வெளியே உள்ள கட்டிக்கு அதே இயந்திரத்தைப் பாவித்தவர்கள் இருக்கிறார்கள், நன்றாக முடிந்த நோயாளிகளும் இருக்கிறார்கள். ஆனால் மூன்று விஷயங்கள் எனக்கு உறுத்துகின்றன. முதலாவது, ரொபோவின் கைக்கு விரலுக்குள்ள தொடுவுணர்வு இல்லை. உறையைச் சுற்றி விரல் உணர்ந்து போகிற வேலையை அது கண்ணால் மட்டும் செய்ய வேண்டும், அதனால் உறை கிழிகிற வாய்ப்புக் கூடுகிறது. இரண்டாவது, நல்ல தொண்டைத் தோலை வெட்டித்தான் போக வேண்டும். அந்தக் காயம் எச்சிலிலும் சாப்பாட்டிலும் நனைந்துகொண்டே ஆற வேண்டும், சில வேளை பிரியும். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். வாயால் போனால் முதலில் சந்திப்பது கட்டியை. கரோட்டிட் அதற்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் கிடக்கும். கழுத்தால் போனால் முதலில் கையில் அகப்படுவது கரோட்டிட். வழி என்பது கட்டியிடம் போகிற வழி மட்டுமா? இரத்தம் பீறிட்டால் விரல் போகிற வழியும் அதுதான். போன நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ரொபோ இல்லாமல் வாய்வழி முயன்று, பிறகு பலர் கைவிட்டதற்கு இதுவே காரணம். ரொபோ வெளிச்சத்தைக் கொண்டுவந்தது, நாடியின் இடத்தை மாற்றவில்லை.

வாய்வழி எப்போது பொருந்தும்? கட்டி சிறியது, முன் அறையில், தொண்டைச் சுவரை ஒட்டி உட்பக்கமாக இருக்கிறது, நாடி நன்றாக வெளியே விலகியிருக்கிறது, வாய் தாராளமாகத் திறக்கும் என்றால் யோசிக்கலாம். வெத்திலையும் பாக்கும் நெடுநாள் போட்டுக் கன்னம் இறுகிப் போனவர்களுக்கு வாயே மூன்று விரல் அளவு திறக்காது. அவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை.

தாடையைப் பிளப்பது பற்றிப் பயந்துபோயிருக்கிறீர்கள். கீழுதட்டையும் தாடையையும் முன்பக்கத்தில் பிரித்து, புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் போல விரித்துப் போவார்கள் என்று யாரோ படம் அனுப்பியிருக்கிறார்கள் போலிருக்கிறது. அப்படித்தான், மறைக்க ஒன்றுமில்லை. பிறகு உலோகத் தகடும் ஆணியும் வைத்துப் பொருத்துவார்கள். கழுத்தில் மூச்சுத் துளை போட வேண்டிவரும், மூக்கால் ரியூப் விட்டுச் சாப்பாடு, ஆஸ்பத்திரியில் நீண்ட நாள், பல்லுக் கடி மாறலாம். அதனால்தான் இதை மிகப் பெரிய கட்டிக்கும், புற்றுநோய் என்று உறுதியானதற்கும், மண்டையோட்டின் அடிவரை ஏறியதற்கும், நாடியைச் சுற்றி வளைத்ததற்கும் மட்டும் வைத்திருக்கிறார்கள். அம்மாவின் கட்டிக்கு அது முதல் திட்டமல்ல. இரண்டாவது நிபுணர் சொன்னது, கழுத்தால் போய் இடம் போதாவிட்டால் என்ன செய்வேன் என்ற முன்னறிவிப்பு. படிவத்தில் அதையும் எழுதிக் கையெழுத்து வாங்குகிறவர் நேர்மையானவர். அவரைக் கண்டு ஓட வேண்டாம்.

மண்டையோட்டின் அடியில் காதெலும்புக்குள் நுழைந்த கட்டிகளுக்குக் காதுக்குப் பின்னாலிருந்து போகிற வேறு வழிகளும் உண்டு. உங்களுக்குத் தேவையில்லை, விட்டுவிடுகிறேன்.

இதே இடத்தில், ஆனால் பின் அறையில் கட்டி இருக்கிறவர்களின் வீட்டாரும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்கு ஒரு சொல். நரம்பு உறைக் கட்டி என்றால் "முழுசா எடுத்திட்டாங்களா?" என்பதோடு "நரம்பு மிஞ்சிச்சா?" என்றும் கேட்க வேண்டும். குரலுக்கும் விழுங்கலுக்கும் போகிற வேகஸ் நரம்பிலிருந்து வந்த ஸ்வானோமாவை நரம்போடு சேர்த்து எடுத்தால் குரல் கரகரக்கும், தண்ணீர் குடித்தால் புரையேறும். அதனால் உறையைத் திறந்து உள்ளேயிருப்பதை மட்டும் எடுத்து நரம்பைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். மேலே உறையைக் கிழிக்கவே கூடாது என்று சொன்னேனே, இங்கே தலைகீழ். கட்டியின் சாதி வேறு. பராகாங்லியோமா என்றால் எம்.ஆர்.ஐ.யில் உப்பும் மிளகும் தூவியது போல் வெள்ளையும் கறுப்பும் புள்ளியாகத் தெரியும். அதைத் தொடுவதற்கு முன்பு அது அட்ரினலின் வகைச் சுரப்புகளை விடுகிறதா என்று இரத்தத்திலோ சிறுநீரிலோ பார்க்க வேண்டும். பார்க்காமல் மேசையில் கிடத்தினால் பிரஷர் தாறுமாறாக ஏறும். குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா என்றும் கேட்பார்கள், ஏனென்றால் இது பரம்பரையாகவும் வரும், ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று இடத்திலும் வரும். இந்த வகை மிக மெதுவாக வளரும். வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் பலருக்கு. 75 வயது அப்பாவுக்கு ஒரு தொந்தரவும் தராத பராகாங்லியோமாவை வெட்டாமல் வருடாவருடம் ஸ்கான் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பதும் வைத்தியம்தான். கதிர்வீச்சாலும் அதன் வளர்ச்சியை நிறுத்தலாம்.

அம்மாவுக்கு வருவோம். கழுத்துவழி நன்றாக முடிந்தால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு விடுவார்கள். யாரும் முன்கூட்டிச் சொல்லாமல் விடுகிற ஒரு தொந்தரவு உண்டு. ஒப்பரேசன் முடிந்து கொஞ்ச நாளில், ஒவ்வொரு சாப்பாட்டிலும் முதல் வாய்ச் சோறு கடிக்கும்போது தாடைக்குப் பின்னால் சுரீரென்று ஒரு நோவு. இரண்டாவது, மூன்றாவது வாயில் குறைந்துவிடும், அடுத்த வேளைக்குத் திரும்ப வரும். கன்னச் சுரப்பிக்குப் போகிற பரிவு நரம்பிழைகள் அறுபடுவதால் வருவது. புளிப்புக்குக் கூடும்; மாங்காய்ச் சம்பல், எலுமிச்சங்காய் ஊறுகாய் எல்லாம் அந்தக் காலத்தில் எதிரி. ஆபத்தில்லை, பலருக்கு மாதக் கணக்கில் தணியும், தணியாவிட்டால் மருந்தும் சுரப்பிக்குள் போடுகிற ஊசியும் இருக்கின்றன. சொல்லி வைக்காவிட்டால் "கட்டி திரும்ப வந்திட்டுது" என்று வீடே அழும். வேறு சிலருக்கு அந்தப் பக்கத்துக் கண்ணிமை கொஞ்சம் தொங்கும், கண்மணி சிறுக்கும். முன் அறைக் கட்டியில் இது குறைவு. அம்மா நாள் முழுக்கப் பிள்ளைகளோடு பாடிக் கதைக்கிறவர் என்பதால் குரலைப் பற்றி நிபுணரிடம் தனியாகக் கேளுங்கள், ஒப்பரேசனுக்கு முன்பே குரல்நாண்களைக் கமராவால் பார்த்துக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

வெத்திலையால் வந்ததா என்றும் கேட்டிருந்தீர்கள். இந்தக் கட்டிக்கும் வெத்திலைக்கும் தொடர்பில்லை. ஆனாலும் நிறுத்தச் சொல்வேன். "பொயிலை போடாம வெறும் பாக்குத்தானே" என்பது நம்மூரில் எல்லா அம்மாக்களும் சொல்கிற சமாதானம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் பாக்கு தனியாகவே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று எழுதிவிட்டது. இலங்கையில் ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் நிற்பதற்கு அதுவும் ஒரு முக்கிய காரணம்.

முதலாவது வகை, அதாவது உட்தோல் புற்றுநோய் இருக்கிறவர்களுக்குக் கணக்கே வேறு. அங்கே ஒப்பீடு கழுத்துக்கும் வாய்க்கும் நடுவில் அல்ல, கத்திக்கும் கதிருக்கும் நடுவில். 1873 இல் வியன்னாவில் பில்ரோத் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் குரல்வளையை முழுசாக எடுத்த காலத்திலிருந்து நூறு வருடத்துக்கு மேல், முற்றிய குரல்வளைப் புற்றுநோய்க்கு அதையே செய்துவந்தார்கள். 1991 இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் வைத்தியசாலைகளின் ஆய்வு, முதலில் மருந்தும் பிறகு கதிரும் கொடுத்தால் ஆயுள் குறையாமல் 64 சதவீதமானவர்களுக்குக் குரல்வளையைக் காப்பாற்றலாம் என்று காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. லேசரும் ரொபோவும் ஆரம்பநிலைக்கு. அப்படிப்பட்டவர்கள் வழியைப் பற்றி வாதிட்டுக்கொண்டு இரண்டு மாதம் போக்கக்கூடாது. அம்மாவின் கட்டி பொறுக்கும், அது பொறுக்காது.

சென்னைக்குப் போவதென்று வீட்டில் முடிவானால் போங்கள், கெட்டித்தனமான நிபுணர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் "ரொபோ இருக்கா?" என்று கேட்காமல், இந்த இடத்துக் கட்டிகளை எத்தனை எடுத்திருக்கிறார், உறை கிழிந்தாலோ இரத்தம் பீறிட்டாலோ அதே மேசையில் கழுத்தைத் திறக்க ஆயத்தமாக இருப்பாரா என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் அம்மாவைக் கொடுக்கலாம். அதே கேள்வியை இங்கேயும் கேட்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டைக் கிளினிக்கில் காட்டி, தேவையென்றால் அங்கிருந்து கடிதத்தோடு கொழும்புக்கோ கண்டிக்கோ போவது அரசாங்க வைத்தியசாலை வழி. காசு கட்டத் தேவையில்லை, காத்திருக்கத் தேவை.

எங்கே போனாலும் ஸ்கான் அறிக்கைத் தாளை மட்டும் கொண்டு போகாதீர்கள். படங்கள் பதிந்த சீடியையும் கொண்டு போங்கள். நாடி எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்பதை எந்த நிபுணரும் தன் கண்ணால் பார்க்காமல் கத்தி எடுக்க மாட்டார். சீடி இல்லையென்றால் கொழும்பு வரை போய்த் திரும்பவும் ஸ்கானுக்கு வரிசையில் நிற்க வேண்டிவரும். அம்மா இதயத்துக்கு அஸ்பிரின் போடுகிறவர் என்றால் அதை நீங்களாக நிறுத்த வேண்டாம், முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள், நிறுத்த வேண்டுமா, எந்த நாளிலிருந்து என்று அவர்கள் சொல்வார்கள்.